எலும்பு ஒட்ட கரண்ட் குடுக்குற மெட்டீரியல், நெசமா?

காரைக்குடி பேரன்:
எங்க அப்பத்தா வளவுப் படியில வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழ எலும்பு முறிஞ்சு பிளேட் வச்சாச்சு, மாசக்கணக்காகியும் எக்ஸ்ரேல அந்தக் கோடு அப்படியே தெரியுது. இடுப்பெலும்புலேர்ந்து கொஞ்சம் எடுத்து வைக்கணும்ங்குறாரு டாக்டர். தானா கரண்ட் உண்டாக்குற மெட்டீரியல் வச்சா எலும்பு வளருமாமே, நமக்குக் கிடைக்குமா?

பள்ளத்தூர் தங்கச்சி:
அண்ணே, விஷயம் நெசம்தான். எலும்பை அழுத்துனா லேசா கரண்ட் வரும்னு 1957லயே ஜப்பான்ல ஃபுக்காடா, யாசுடான்னு ரெண்டு பேரு காட்டிட்டாங்க, உள்ள இருக்குற கொலாஜன்ங்குற புரதம்தான் காரணம். பேரியம் டைட்டனேட்ங்குற பீங்கான் வகை, பிவிடிஎஃப்ங்குற பிளாஸ்டிக் வகை மாதிரி, அழுத்துனா கரண்ட் வர்ற பொருள்ல சல்லடை கணக்கா ஓட்டை ஓட்டையா செஞ்சு முறிஞ்ச எடத்துல வச்சா, நடக்குறப்ப விழுற அழுத்தத்துல சார்ஜ் உண்டாகி எலும்பு செல்லுக்குள்ள கால்சியம் போக வச்சு அதைத் தூண்டிவிடும். ஆனா பெரும்பாலும் இன்னும் லேப்லயும் எலி, முயல்லயும்தான் நடக்குது. இதை நம்பி அப்பத்தா ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுறாதீங்கண்ணே.

தேவகோட்டையான்:
வெளியிலேர்ந்து காந்தப்புலம் குடுக்குற மெஷின் இருக்கு தம்பி, அமெரிக்காவுல 1979லயே அனுமதி குடுத்துட்டாங்க, டாக்டர்கிட்ட கேட்டுப் பாருங்க. முறிவுக்கு நடுவுல இடைவெளி பெருசா இருந்தா அது சரிப்படாது. சுகரு இருந்தாலோ வைட்டமின் டி கொறஞ்சாலோ எலும்பு ஒட்ட லேட்டாகலாம், ரெண்டும் பாத்தீங்களா?

காரைக்குடி பேரன்:
சுகர் இருக்குண்ணே, வைட்டமின் டி பாக்கல. அடுத்த தடவ போறப்ப மெஷினையும் சேத்துக் கேக்குறேன்.