மறு: சுருட்டுக்கு ‘ஓய்வு’ கொடுப்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

குழுவினருக்கு வணக்கம், பினாங்கிலிருந்து.

> கடையிலிருந்து வந்த சுருட்டை உடனே பற்றவைக்காமல், ஈரப்பதத்தைச் சீராக வைத்திருக்கும் பெட்டியில் (ஹ்யூமிடர்) சில வாரம் வைத்திருக்கச் சொல்கிறது நான் மொழிபெயர்க்கும் துண்டறிக்கை. ‘ரெஸ்ட்’ என்றும் ‘அக்லிமேட்’ என்றும் மாறி மாறி வருகிறது. ‘ஓய்வளித்தல்’, ‘காலநிலைக்குப் பழக்குதல்’ என்று போட்டிருக்கிறேன். படித்தால் எனக்கே சிரிப்பு வருகிறது.

தம்பி, சிரிப்பு வந்தால் நல்லதுதான், காது சரியாக இருக்கிறது என்று அர்த்தம். வேலை பார்த்தவனுக்குத்தான் ஓய்வு. சுருட்டு என்ன வேலை பார்த்தது? கோலாலம்பூரில் வேனில் ஏறிப் படுத்தது, அவ்வளவுதான்.

கிள்ளான் ஐயா ‘ஈரமேற்றல்’ என்றார். ஈப்போ அம்மா ‘ஊறவைத்தல்’ என்றார். இரண்டுமே நல்ல சொற்கள்தான், ஆனால் இந்த இடத்தில் உட்காரவில்லை. இரண்டும் ஈரம் ஒரே திசையில், உள்ளே போவதாக வைத்துக்கொள்கின்றன. இந்த அறிவுரை முதலில் எழுதப்பட்டது குளிர்நாட்டுக்காரனுக்கு. அங்கே பனிக்காலத்தில் வீட்டைச் சூடாக்கினால் காற்று வறண்டுவிடும். சுருட்டு காய்ந்து வந்து சேரும், பெட்டிக்குள் ஈரம் ஏறும். நம் கதை வேறு. இங்கே ஒப்பு ஈரப்பதம் வருடம் முழுக்க 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கிறது. மழைநாளில் வேனிலும் அஞ்சல் கிடங்கிலும் கிடந்த சுருட்டு 65 விழுக்காடு உள்ள பெட்டிக்குள் போனால் ஈரத்தை வெளியே விடத்தான் செய்யும். அதே சுருட்டு இரவுபகலாகக் குளிர்சாதனம் ஓடும் கடையில் கண்ணாடித்தாள் இல்லாமல் கிடந்திருந்தால் காய்ந்து வரும், அப்போது ஈரம் ஏறும். இரண்டுக்கும் பொருந்துகிற சொல்தான் நமக்கு வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. சுருட்டு ஒரே பொருள் இல்லை. உள்ளே திணித்த இலை, அதைக் கட்டிப் பிடிக்கும் இலை, எல்லாவற்றுக்கும் மேல் மெல்லிய வெளி இலை என்று மூன்று. வெளி இலை சுற்றியுள்ள காற்றுக்கு ஏற்ப உடனே மாறிவிடும். உள்ளிருப்பது மெதுவாகத்தான் மாறும். உள்ளே உப்பி, வெளியே காய்ந்திருந்தால் மேல் இலை வெடிக்கும். உள்ளே ஈரமாக இருந்தால் இழுக்க முடியாது, அணைந்து அணைந்து போகும், அல்லது ஒரு பக்கம் மட்டும் ஓடி எரியும். பெட்டியில் வைத்த மறுநாளே ஈரமானி 66 காட்டலாம். அது காட்டுவது பெட்டியின் காற்றை, சுருட்டின் வயிற்றை அல்ல. உள்ளும் புறமும் ஒன்றாக வர இரண்டு வாரம் முதல் ஒரு மாதம் என்பார்கள். நம் சொல்லுக்குப் பொருள் அந்தக் காத்திருப்புதான்.

ஆகவே என் முன்மொழிவு: ஆறப்போடுதல். பெயர்ச்சொல்லாக ஆறல்.

‘ஆறுதல் என்றால் சூடு தணிவதல்லவா’ என்று கேட்பீர்கள். அது ஒரு பொருள்தான். காலையில் மலேசியத் தமிழர் ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது ‘பசியாறிட்டீங்களா?’ அங்கே எந்தச் சூடு? புண் ஆறுகிறது, கோபம் ஆறுகிறது. நடந்து களைத்தவன் இளைப்பாறுகிறான். யாழ்ப்பாணத்தில் ‘இளைப்பாறிய ஆசிரியர்’ என்று எழுதுகிறார்கள். இவை எல்லாவற்றிலும் ஒரு கலக்கம் அடங்கிப் பழைய நிலை திரும்புகிறது. ஏறுகிறதா இறங்குகிறதா என்று இந்தச் சொல் கேட்பதே இல்லை. ‘ரெஸ்ட்’ என்று வெள்ளைக்காரன் சொல்வதும் இதைத்தான்.

பழமொழியும் கையோடு இருக்கிறது. மூன்று வாரம் பொட்டலத்துக்காகக் காத்திருந்தவர் வந்த அன்றே ஒன்றைப் பற்றவைத்துவிட்டுக் கசக்கிறது என்று கடைக்காரரைத் திட்டுவார். ஆக்கப் பொறுத்தவருக்கு ஆறப் பொறுக்கவில்லை. (‘ஆறின கஞ்சி பழங்கஞ்சி’ என்று எதிர்ப்பாட்டு பாட ஒருவர் தயாராக இருப்பார் என்று தெரியும். பாடட்டும்.)

சரி, ‘அக்லிமேட்’? அதற்குத் தனிச்சொல் தேவை, ஏனென்றால் ஆறப்போடுவது நாம், மாறுவது இலை. இலை செய்வதற்கு பதத்துக்கு வருதல் என்று போடலாம். ஈரப்பதத்தில் ஏற்கெனவே பதம் இருக்கிறது, பாகு காய்ச்சுகிறவருக்கும் நெல் காயவைக்கிறவருக்கும் பதம் தெரியும். ‘தகவமைதல்’ உயிரியலில் உயிருக்குச் சொல்வது, அது அங்கேயே இருக்கட்டும்.

‘ஏஜிங்’ இதோடு குழம்பக் கூடாது. நல்ல பெட்டியில் ஆண்டுக்கணக்கில் வைத்துச் சுவையை மாற்றுவது அது. அதற்கு நாள்படுத்துதல். நாள்பட்ட புளி, நாள்பட்ட அரிசி என்கிறோமே, அதே பேச்சு. நாள்படுத்துவது விருப்பம், ஆறப்போடுவது அவசியம். துண்டறிக்கையின் மூன்றாம் பத்தியில் இரண்டுக்கும் ‘முதிர்வு’ என்று வந்திருக்கிறது, திருத்திவிடுங்கள்.

பெட்டிக்கு ‘பதப்பெட்டி’ போதும். அதன் உள்பலகையை ஸ்பானிய தேவதாரு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆங்கிலப் பெயரே தப்பு: அந்த மரம் ஸ்பெயினிலும் வளரவில்லை, தேவதாருவும் இல்லை. தென், நடு அமெரிக்காவில் வளரும் அது நம் வேம்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘செட்ரெலா மரம்’ என்றே போடுங்கள். வாங்கிய புதுப் பெட்டியில் அந்தப் பலகை ஈரத்துக்கு ஏங்கிக் கிடக்கும். அப்படியே சுருட்டை வைத்தால் ஆறுவதற்குப் பதில் பலகைக்குத் தண்ணீர் வார்க்கும். அதனால் முதலில் பெட்டியின் ஈரப்பதத்தை 84 விழுக்காட்டில் நிறுத்தும் சிறு உறை போட்டு மூடி இரண்டு வாரம் விடச் சொல்கிறார்கள். இதை ‘சீசனிங்’ என்று விட்டிருக்கிறீர்கள். புது தோசைக்கல்லை நாம் என்ன செய்கிறோம்? பழக்குகிறோம். பெட்டியைப் பழக்குதல் என்று போடுங்கள், விளக்கமே வேண்டாம்.

நம் ஊர்க்காரருக்காக ஒரு வரி சேர்க்கச் சொல்வேன், மூலத்தில் இல்லாவிட்டாலும். 20 டிகிரி அறையில் இருந்த பொட்டலத்தைப் பினாங்கு வெயிலில், 30 டிகிரி திண்ணையில் உடனே திறந்தால் மேல் இலையில் பனித்துளி கோக்கும். இலை கறைபடும், சுருங்கும். உறையைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிட்டுப் பிறகு திறக்க வேண்டும். அப்புறம் புகையிலை வண்டு. முட்டை இலையிலேயே ஒட்டி வரும், 24, 25 டிகிரியைத் தாண்டினால் பொரிக்கும் வாய்ப்பு கூடும். குண்டூசி குத்தியதுபோல் மேல் இலையில் துளை, பெட்டியடியில் பழுப்புப் பொடி. இதற்குப் பயந்து உறைபெட்டியில் (ஃப்ரீசரில்) வைத்து எடுப்பவர்கள் காற்றுப்புகாப் பையில் போட்டு, மூன்று நாள் கழித்து ஒரு நாள் சாதாரணக் குளிர்பெட்டியில் வைத்து, அதன் பிறகே வெளியே எடுக்கிறார்கள். அதுவும் ஆறப்போடுவதில் சேர்ந்ததே.

> புகைக்கு எதற்கு இவ்வளவு கலைச்சொல் உழைப்பு?

நியாயமான கேள்வி அம்மா. உணவகங்களில் 2019 முதல் புகைக்கத் தடை இருக்கிற நாடு இது, நானும் யாருக்கும் சிபாரிசு செய்யவில்லை. ஆனால் சென்னையிலிருந்து வீணையோ மிருதங்கமோ வந்து இறங்கினாலும் பெட்டியைத் திறக்காமல் ஒரு நாள் ஆறப்போடத்தான் வேண்டும். மரத்துக்கும் தோலுக்கும் இந்தச் சொல் ஓடும். போகட்டும், ‘செரூட்’ என்ற ஆங்கிலச் சொல்லே நம் சுருட்டிலிருந்து போனது. பொருளைப் பெயரோடு அனுப்பியவர்கள் நாம், பராமரிப்புக்கு மட்டும் கடன் வாங்குவானேன்?

என் வரைவு:

“பொட்டலம் வந்ததும் அறை வெப்பத்துக்கு வரும்வரை பிரிக்க வேண்டாம். பிறகு சுருட்டுகளைப் பழக்கிய பதப்பெட்டியில் ஆறப்போடுங்கள். பதத்துக்கு வர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். ஈரமானி 65 காட்டிவிட்டது என்று அவசரப்பட வேண்டாம்.”

மாற்று இருந்தால் சொல்லுங்கள்.

---

*கோலாலம்பூரிலிருந்து:*

அண்ணே, நன்றி. கடைக்காரரிடம் வாசித்துக் காட்டினேன். ‘ஆறப்போடுங்கள்’ வந்ததும் ‘நான் வாயால் சொல்வதே இதுதான்யா’ என்றார். ஒன்றே ஒன்று பாக்கி. ஈரம் கூடினால் உறிஞ்சி, குறைந்தால் விடும் உறை இருக்கிறதே, போவெடா நிறுவனத்தின் உறை மாதிரி. ‘இருவழி ஈரப்பதக் கட்டுப்பாட்டு உறை’ என்று எழுதினால் உறையைவிடப் பெயர் நீளமாக இருக்கிறது.

---

*பினாங்கிலிருந்து:*

தம்பி, அதற்கு என் வீட்டம்மா வைத்த பெயர் ‘கொண்டான் கொடுத்தான் உறை’. சம்பந்தி வீடு மாதிரி வாங்கவும் செய்கிறது, கொடுக்கவும் செய்கிறதாம். அச்சில் போட்டால் கடைக்காரர் உதைப்பார். ‘ஈரச்சீர் உறை’ என்று எழுதிவிடுங்கள். உள்ளே இருப்பது உப்புக் கரைசல் என்பதை அடைப்புக்குறியில் சொல்லலாம், ஏனென்றால் சிலர் பிரித்துப் பார்க்கிறார்கள். உறையில் அச்சடித்த எண்ணைத் தமிழில் மாற்ற வேண்டாம், 62, 65, 69 என்று கேட்டுத்தான் வாங்குகிறார்கள். குளிர்சாதனம் இல்லாத வீட்டுக்கு 62 அல்லது 65 என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.