கோபியிலிருந்து கொடுமுடி வரை: கிராவல் சைக்கிளுக்கு வாய்க்கால் கரை ஏற்றதா, இட்டேரி ஏற்றதா?

கேள்வி (கோவை)

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாகத் தார்ச்சாலையில் மட்டுமே சைக்கிள் ஓட்டி வந்த நான், அண்மையில் 40 மில்லிமீட்டர் அகல டயர் பொருந்திய கிராவல் சைக்கிள் ஒன்றை வாங்கியிருக்கிறேன். லாரிகளின் ஒலி கேட்காத மண்பாதையில் நாள் முழுவதும் ஓட்ட வேண்டும் என்பதே அதை வாங்கியதற்கான ஒரே காரணம். பொங்கல் கழிந்ததும் கோபிசெட்டிபாளையத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் மாலை கொடுமுடியில் காவிரிக் கரையை அடைந்து, அங்கிருந்து ரயிலில் திரும்பலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

வரைபடத்தில் மூன்று நீர்வழிகள் தெரிகின்றன. பவானிசாகர் அணையிலிருந்து வரும் கீழ்பவானி வாய்க்கால் ஒன்று; கொடிவேரி அணைக்கட்டில் பிரியும் தடப்பள்ளி வாய்க்கால் மற்றொன்று; பவானி நகரில் தொடங்கும் காலிங்கராயன் வாய்க்கால் மூன்றாவது. இவற்றில் எந்தக் கரையில் தொடர்ச்சியாக ஓட்ட முடியும்? ஜனவரியில் தண்ணீர் ஓடும்போது கரை சேறாக இருக்குமா? வாய்க்காலை விட்டு விலகிச் சென்னிமலைப் பக்கத்து மேட்டு நிலங்கள் வழியாகச் செல்ல விரும்பினால், வெளியூர்க்காரன் ஒருவன் நுழையத் தக்க பாதைகள் உள்ளனவா? அறிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1 (பெருந்துறை)

வணக்கம் நண்பரே. நீங்கள் கேட்ட மூன்றில் உங்கள் முதல் நாளுக்கு உரியது கீழ்பவானி வாய்க்கால்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆறு பள்ளத்தைத் தேடி இறங்கிவிடும். இந்த வாய்க்காலோ, தனக்குக் கீழே உள்ள நிலமெல்லாம் பாய வேண்டும் என்பதற்காக மேட்டின் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு குன்றையும் ஓடையையும் சுற்றி வளைந்து 200 கிலோமீட்டர் செல்கிறது. அதனால் சுற்றிலும் நிலம் ஏறி இறங்கினாலும் உங்கள் சக்கரத்துக்குக் கீழே உள்ள கரை ஏறத்தாழச் சமமாகவே இருக்கும். நேர்ச்சாலையைவிடத் தொலைவு கணிசமாகக் கூடும் என்பதை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீரோட்டத்தின் போக்கிலேயே ஓட்டினால் உங்கள் இடப்பக்கம் நெல்லும் மஞ்சளும் வாழையும் தாழ்ந்து பரந்திருக்கும். வலப்பக்கம் வேலமரங்களும் மானாவாரிக் காடுகளும் மேலேறிச் செல்லும். ஒரு வாய்க்கால் இரண்டு நிலங்களை எவ்வாறு பிரிக்கிறது என்பதைச் சைக்கிளின் வேகத்தில் பார்ப்பதுபோல் வேறு எந்த வேகத்திலும் பார்க்க முடியாது என்பது பல ஆண்டுகளாக இங்கே ஓட்டிவரும் எனது அனுபவம்.

காலத்தைப் பற்றிக் கேட்டீர்கள். வழக்கமாக ஆகஸ்ட் நடுவில் நன்செய்க்கும், ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை புன்செய்க்கும் தண்ணீர் விடுவார்கள். புன்செய்க்கு விடும் தண்ணீர் தொடர்ந்து ஓடாமல் நனைப்பு நனைப்பாக, முறைவைத்து வரும். தண்ணீர் ஓடுவதால் கரை சேறாவதில்லை. கரையைக் கெடுப்பது ஐப்பசி, கார்த்திகை மழையும் அதில் டிராக்டர்கள் பதிக்கும் தடங்களுமே. பொங்கலுக்குள் அந்தத் தடங்கள் இறுகிவிடும்; தடத்தின் விளிம்பில் முன்சக்கரம் சிக்காமல் நடுமேட்டிலேயே ஓட்டப் பழகுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். வண்டி செல்லும் அகலம் எல்லா இடங்களிலும் ஒரே கரையில் இருப்பதில்லை. பாலம் வரும் இடங்களில் நின்று, எதிர்க்கரை நன்றாக இருந்தால் மாறிக்கொள்ளுங்கள். மேலும், அந்தக் கரை நீர்வளத்துறையின் பராமரிப்புக்காக அமைந்தது. ஊர்மக்கள் அன்றாடம் பயன்படுத்துகிறார்கள் என்றாலும், மதகருகே பணியாளர்கள் நின்று திரும்பிச் செல்லச் சொன்னால் மறுபேச்சின்றித் திரும்பிவிடுவதே முறை. முழு அளவில் நீர் ஓடும்போது கைகழுவக்கூட இறங்காதீர்கள். மேற்பரப்பு அமைதியாகத் தெரிந்தாலும் இழுவை கடுமையானது. சரிவான கரையில் பிடித்து ஏற எதுவும் இருக்காது.

அழகுக்காகப் பவானிசாகரிலிருந்தே தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்க வேண்டாம். அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி. அதிகாலையிலும் அந்தியிலும் யானைகள் அணைப்பக்கம் வரும். கோபியில் தொடங்கும் உங்கள் எண்ணமே சரியானது.

மறுமொழி 2 (காங்கேயம்)

முன்னவர் வாய்க்காலைச் சொல்லிவிட்டதால் நான் இட்டேரிகளைப் பற்றிச் சொல்கிறேன். இட்டேரி என்பது இரண்டு தோட்டங்களுக்கு இடையில், இருபுறமும் கிளுவை வேலி உயர்ந்து நிற்க, நடுவில் மாட்டுவண்டி செல்லும் அளவுக்கு விடப்பட்ட மண்தடம். சென்னிமலைக்குத் தெற்கே நொய்யல் ஆறு வரையிலும், நொய்யலைக் கடந்து காங்கேயம் பக்கமும் செம்மண்ணும் சரளையுமாகக் கிடக்கும் இந்தத் தடங்களே நீங்கள் தேடும் கிராவல் பாதைகள். எங்கள் ஊரில் இந்த மண்ணையே கிராவல் என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் இட்டேரிக்கும் கொறங்காட்டுக்கும் வேறுபாடு தெரிந்து ஓட்ட வேண்டும். கொறங்காடு என்பது கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் வளர்ந்த, வேலியிட்ட தனியார் மேய்ச்சல் நிலம். காங்கேயம் மாடுகளும் செம்மறிகளும் பெரும்பாலும் மேய்ப்பவர் இல்லாமலே அதற்குள் மேய்கின்றன. வேலியை நம்பித்தான் அவற்றை விட்டிருக்கிறார்கள். வரைபடச் செயலி கொறங்காட்டின் ஊடே ஒரு கோடு காட்டினால் அதைப் பாதை என்று கொள்ளாதீர்கள். வேலியின் வாயிலை அடைக்கும் படல் சாத்தியிருந்தால் அந்த வழி உங்களுக்கு இல்லை. நிலத்துக்காரரைக் கண்டு கேட்டு, அவர் அனுமதித்து உள்ளே சென்றால், கடந்தவுடன் படலை முன்பு இருந்தவாறே கட்டிவிடுங்கள். சென்ற ஆண்டு யாரோ திறந்துபோட்ட படலின் வழியாக எங்கள் கிடாரி ஒன்று சாலைக்குச் சென்று அடிபட்டது. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முட்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இட்டேரியின் ஓரமெல்லாம் வெள்வேல முள்ளும் சீமைக்கருவேல முள்ளும் கிடக்கும். மழைக்குப் பின் படர்ந்து காயும் நெருஞ்சி, தை மாதத்தில் டயரில் பத்து இருபதாக ஒட்டிக்கொள்ளும். டியூப் வைத்து ஓட்டினால் அரை நாளைப் பஞ்சர் ஒட்டுவதிலேயே கழிப்பீர்கள். டியூப் இல்லாத டயரில் அடைப்புத் திரவத்தைத் தாராளமாக ஊற்றிக்கொண்டு வாருங்கள். உங்கள் எடை 70 கிலோவுக்குள் இருந்தால் 35 பிஎஸ்ஐ அளவில் காற்று வைத்தால் போதும். சாலைச் சைக்கிளைப் போல் இறுக்கி வைத்தால் சரளையில் பின்சக்கரம் துள்ளும், வளைவில் பிடிமானம் இருக்காது.

நொய்யலைக் கடக்கும்போது அதன் நீரைக் குடிக்கவோ முகம் கழுவவோ வேண்டாம். பாசனத்துக்காகக் கட்டி 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை, திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியதால் வயலுக்கே ஆகாமல் போன துயரம் இப்பகுதி மக்கள் அனைவரும் அறிந்தது. தண்ணீரை முந்தைய ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். நேரம் இருந்தால் ஆற்றின் வடகரையில் உள்ள கொடுமணலில் சற்று நில்லுங்கள். சங்கப் பாடல்கள் கொடுமணம் என்று குறிப்பிடும், கல்மணிகள் செய்த பழைய ஊர் அது.

மறுமொழி 3 (ஈரோடு)

இருவரும் சொன்னவற்றோடு எனக்குப் பெரும்பாலும் உடன்பாடே. ஆனால் கடைசிப் பகுதிக்குக் காலிங்கராயன் வாய்க்காலை விட்டுவிடக் கூடாது. 1283-இல் வெட்டி முடிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் இந்த 90 கிலோமீட்டர் வாய்க்கால், பவானியில் புறப்பட்டுக் காவிரிக்கு அணுக்கமாகவே வளைந்து வளைந்து சென்று நொய்யலில் சேர்கிறது. ஈரோடு நகரைக் கடக்கும் பகுதியில் வீடுகளும் வாகனங்களும் நெருக்குவதால் அங்கே ஓட்டுவதில் இன்பமில்லை. ஊஞ்சலூருக்கும் கொடுமுடிக்கும் இடைப்பட்ட பகுதிதான் உங்களுக்கு ஏற்றது. கீழ்பவானிக் கரையின் வெட்டவெளிக்குப் பிறகு, இங்கே தென்னையும் கரும்பும் வாழையும் இருபுறமும் நெருங்கிவந்து நிழல் தரும். கரை குறுகலானது, கரும்பு வெட்டும் காலம் என்பதால் டிராக்டர் எதிர்ப்பட்டால் இறங்கி ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும்.

எனவே முதல் நாள் கோபியிலிருந்து கீழ்பவானிக் கரையில் வந்து பெருந்துறையில் தங்குங்கள். இரண்டாம் நாள் விடிந்ததும் வெள்ளோடு பறவைகள் சரணாலயம்; பறவைகள் மிகுந்திருக்கும் காலம் அது. பிறகு அறச்சலூர், சிவகிரி வரை கரையும் இட்டேரியுமாக வந்து, அங்கிருந்து கிழக்கே இறங்கி ஊஞ்சலூரைத் தொடுங்கள். மேட்டிலிருந்து ஆற்றை நோக்கி நிலம் மெல்லத் தாழ்ந்துகொண்டே வருவதைக் கால்களே உணரும்.

ஆடி மாதத்தில் வர நேர்ந்தாலும் இதே திசையில்தான் வர வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று முதுகில் தள்ளும்; எதிர்த்திசையில் வந்தவர்கள் சமதரையிலேயே மலையேறியதுபோல் களைத்துப் போவார்கள்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி (கோவை)

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சென்னிமலைக்குத் தெற்கே நொய்யல்வரை செல்வதை வேறொரு பயணத்துக்கு ஒதுக்கிவிட்டு, மூன்றாமவர் சொன்ன வழியையே பின்பற்றுகிறேன். டியூபைக் கழற்றிவிட்டு அடைப்புத் திரவம் ஊற்ற இன்றே ஏற்பாடு செய்துவிட்டேன். ஒரே ஓர் ஐயம்: சிவகிரிக்கும் ஊஞ்சலூருக்கும் இடையில் இட்டேரிகள் பலவாகப் பிரியும்போது, எது ஊருக்குச் செல்வது, எது தோட்டத்தில் முடிவது என்று எவ்வாறு அறிவது?

மறுமொழி 2-ஐ எழுதியவர் (காங்கேயம்)

தடத்தின் நடுவைப் பாருங்கள். இரண்டு சக்கரத் தடங்களுக்கும் நடுவில் புல் உயர்ந்திருந்தால் அது பெரும்பாலும் ஒரு வீட்டோடு முடிந்துவிடும். நடுப்பகுதியும் தேய்ந்து, இருசக்கர வண்டிகளின் தடம் பதிந்திருந்தால் ஊருக்குச் செல்லும். இரண்டும் விளங்காதபோது தோட்டத்தில் நிற்பவரிடம், "ஊஞ்சலூருக்கு இந்தத் தடத்தில் போகலாமுங்களா?" என்று கேளுங்கள். வழி சொல்வதோடு குடிக்க மோரும் தருவார்கள்; நாய் கட்டியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுப் பக்கத்தில் செல்லுங்கள்.