பேக்லேயரிங்: ‘பின்படர்வு’ வேண்டாம், ‘எதிரேற்றம்’ ஆகுமா?

அன்புள்ள ஐயா, வணக்கம். சுரங்கப்பாதைத் தீயில் புகை காற்றை எதிர்த்துத் திரும்பி வருவதை ஆங்கிலத்தில் பேக்லேயரிங் (backlayering) என்பார்கள். அதற்கான தமிழ்ச்சொல் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள்:

> பேக்லேயரிங் என்பதற்குப் ‘பின்படர்வு’ என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் சாலைச் சுரங்கப்பாதையின் தீ இடர் மதிப்பீட்டில் இதைப் போட்டால் படிப்பவர் குழம்பிப்போவார். எதற்குப் பின்? வண்டிக்கா, காற்றுக்கா?

1999 மார்ச் 24 அன்று மோன் பிளாங்க் சுரங்கப்பாதையில் நடந்ததைப் பாருங்கள். நீளம் 11.6 கிலோமீட்டர். பிரான்சிலிருந்து இத்தாலிக்கு மார்கரினும் மாவும் ஏற்றிப்போன லாரி நடுவழியில் பற்றிக்கொண்டது. காற்றோ இத்தாலிப் பக்கமிருந்து பிரான்சுப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. லாரிக்குப் பின்னால் வந்து நின்ற வண்டிகளைப் புகை மூடிவிட்டது. மொத்தம் 39 பேர் இறந்தார்கள். ‘பின்படர்வு’ என்றதும் யாருக்கும் இந்தக் காட்சிதான் மனத்தில் வரும். ஆனால் அங்கே புகை காற்றோடு போனது. அது பேக்லேயரிங் இல்லை.

பேக்லேயரிங்கில் புகை காற்றை எதிர்த்து வருகிறது. ஒருவழிப் பாதையில் தீக்கு முன்னால் போனவர்கள் வெளியேறிவிடுவார்கள், பின்னால் வந்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அதனால் மாட்டிக்கொண்டவர்கள் பக்கமிருந்து விசிறிகளால் காற்றை ஊதிப் புகையை முன்னே தள்ளுவார்கள். அந்தக் காற்று போதாவிட்டால், சூடான புகை கூரையை ஒட்டியபடியே அவர்கள் தலைக்கு மேல் திரும்பி வரும். ஆறியதும் கீழே இறங்கும். பாதை இறக்கமாகப் போனால் இன்னும் சிக்கல். புகை மேட்டைப் பார்த்து ஏறப் பார்க்கும்.

புதுவெள்ளம் வந்தால் ஓடைத் தண்ணீரை எதிர்த்து மீன் ஏறுமே, அப்படித்தான். அதனால் ‘புகை எதிரேற்றம்’ என்று முன்வைக்கிறேன். ‘லேயர்’ என்ற பொருள் இதில் விடுபடுகிறது, உண்மைதான். ‘புகையடுக்கு எதிரேற்றம்’ என்றால் முழுமையாக இருக்கும். ஆனால் கட்டுப்பாட்டு அறையில் பதற்றத்துக்கு நடுவே வாயில் வர வேண்டிய சொல் இது. குறுகியதே நல்லது.

அப்புறம், கிரிட்டிக்கல் வெலாசிட்டி. பள்ளிப் பாடத்தில் ‘மாறுநிலைத் திசைவேகம்’ இருக்கிறது, ஆனால் அது திரவ ஓட்டம் ஒழுங்கு குலையும் வேகம். இங்கே அது புகை திரும்பாமலிருக்கத் தேவையான மிகக் குறைந்த காற்றுவேகம். பெரிய லாரித் தீக்கு நொடிக்குச் சுமார் 3 மீட்டர். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் மாணவர்கள் தடுமாறுவார்கள். ‘எதிரேற்றத் தடுப்பு வேகம்’ என்றால் வேலை சொல்லிலேயே தெரிந்துவிடும்.

‘எதிரேற்றம்’ வேறு துறையில் வேறு பொருளில் புழங்குகிறதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.