ஆம்னி வேன் முன் சீட் மாற்ற வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். என்னுடையது 2009 மாடல் மாருதி ஆம்னி. தாம்பரத்தில் தினமும் கடைகளுக்கு இட்லி மாவு போடுகிற வண்டி. டிரைவர் சீட்டில் ஸ்பாஞ்ச் பொடிப்பொடியாக உதிர்கிறது. இடது ஓரத்தில் ஒரு கம்பி ரெக்சினைக் கிழித்துக்கொண்டு வந்து தொடையில் குத்துகிறது. துண்டை நான்காக மடித்துப் போட்டுத்தான் ஓட்டுகிறேன். மதியத்துக்குள் இடுப்பு விட்டுப்போகிறது.

புதுப்பேட்டையில் பழைய சீட் தேடலாமா, இல்லை இதே ஃபிரேமில் புது ஃபோம் வைத்துத் தைப்பது நல்லதா? மாருதி ஈகோ வேனின் சீட் இதற்குப் பொருந்துமா? ஆம்னியில் இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில்தானே, சீட்டைத் தூக்கினால்தான் கைவைக்க முடியும். அந்த வசதி போய்விடக் கூடாது. அப்புறம், அடியில் சூடு தடுக்கிற அட்டையும் கிழிந்துவிட்டது, தனியாகக் கிடைக்குமா? மாற்றியவர்கள் என்ன செலவானது என்றும் சொல்லுங்கள்.