சிமுலேட்டரில் ஏடிசி: ரீட்பேக்கை (விமானி உத்தரவைத் திருப்பிச் சொல்வதை) எப்படி மதிப்பிடுகிறீர்கள்?

விமானிப் பயிற்சித் துறை நண்பர்களே, ஓர் உதவி வேண்டும்.

எங்கள் சிமுலேட்டரில் இன்னமும் பயிற்றுநரேதான் ஏடிசியாகவும் (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளராகவும்) பேசுகிறார். பயிற்சிக்காக என்ஜினை அணைத்த கையோடு கன்ட்ரோலர் குரலிலும் பதில் சொல்லியாக வேண்டும். அலைவரிசையில் வேறு விமானமே இருக்காது. மாணவர் நினைத்த நொடியில் பேசலாம். சென்னை அப்ரோச்சில் (தரையிறங்க வரும் விமானங்களைக் கையாளும் அலைவரிசையில்) அப்படியா இடைவெளி கிடைக்கும்?

தானியங்கி ஏடிசி வாங்கப்போகிறார்கள்; அதற்கான எங்கள் உள் தரவிதிகளை எழுதும் வேலை என் தலையில். ஐகாவோ 9625 (சிமுலேட்டர் தகுதி பற்றிய சர்வதேசக் கையேடு), ஏரின்க் 439 (சிமுலேட்டர் ஏடிசி பற்றிய தொழில்துறை ஆவணம்) இரண்டும் கையில் உள்ளன. சிக்கல் மதிப்பெண்ணில்தான். கியூஎன்எச்சை (உயரமானியில் வைக்கவேண்டிய காற்றழுத்த அளவை) திருப்பிச் சொல்லாமல் வெறும் "ரோஜர்" என்றால் மென்பொருள் மறுபடி கேட்கவேண்டுமா, தவறு வளரும்வரை விடவேண்டுமா? நம்மூர் உச்சரிப்பு அதற்குப் புரிகிறதா?

மதிப்பீட்டுத் தாள் மாதிரி இருந்தால் அனுப்புங்கள். விற்பனையாளர் டெமோ வேண்டாம், பார்த்தாச்சு.