போலோ ஜிடி-யை இறக்கணும்: ஸ்ப்ரிங் மட்டும் போதுமா, இல்ல காயிலோவரா?

போத்தனூர்_ஜிடி:
வணக்கம் மக்களே. 2014 போலோ ஜிடி டிஎஸ்ஐ வெச்சிருக்கேங்க, செகண்ட் ஓனர், 78,000 கிமீ ஓடியிருக்கு. போன வருஷம் ரீமேப் பண்ணேன் (சாஃப்ட்வேர மாத்தி பவர் ஏத்தறது), இஞ்சின் பக்கம் மனசு நிறைஞ்சு போச்சு, இப்ப வண்டிதான் அதுக்கு ஈடு குடுக்க மாட்டேங்குது. போன மாசம் ஆழியார்ல இருந்து வால்பாறை ஏறுனேன், 40 கொண்டை ஊசி, ஒவ்வொண்ணுலயும் மூக்கு வெளிப்பக்கம் படுத்துக்குது, வளைவு நடுவுல ஒரு சின்ன பள்ளம் வந்தா பின்னாடி தத்தித் தத்தி எந்திரிக்குது. அதுபோக வீல் ஆர்ச்சுக்கும் டயருக்கும் நடுவுல நாலு விரல் தாராளமா போகுது, பாக்கவே ஜீப் மாதிரி இருக்குங்ணா.

பட்ஜெட் ஒரு லட்சம், கொஞ்சம் முன்ன பின்ன ஆகலாம். இங்க ஒரு கடையில கம்பெனி போட்டு வந்த ஸ்டாக் ஸ்ப்ரிங்கையே ஒரு சுத்து வெட்டி குடுத்துர்றேன், மத்தியானத்துக்குள்ள வேலை முடிஞ்சிரும்ங்கறாங்க. ஐபாக் ப்ரோ கிட்னு வர்ற, வண்டிய இறக்கற ஸ்ப்ரிங் மட்டும் வாங்கி ஸ்டாக் ஷாக் அப்சார்பரோட போடலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். இன்னொருத்தன் போட்டா காயிலோவர்தான் (ஸ்ப்ரிங்கும் ஷாக்கும் ஒண்ணா சேந்து, ஹைட் மாத்திக்கற மாதிரி வர்ற செட்டு) போடணும்ங்கறான். ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவ கோயிலுக்கு கூட்டிட்டு போறதும் இதே வண்டிதான், அதையும் மனசுல வெச்சு சொல்லுங்க.

சேலத்து_ஸ்ட்ரட்:
வெட்டாதீங்க. மத்தத நிதானமா பேசிக்கலாம், அந்தக் கடைப் பக்கம் மட்டும் போயிராதீங்க. வெட்டுன ஸ்ப்ரிங் வண்டி தரையில நிக்கற வரைக்கும் ஒழுங்காத்தான் உக்காந்திருக்கும், ஜாக்கி போட்டு தூக்குனாலோ ஒரு மேட்டுல வீல் தொங்குனாலோ சீட்ட விட்டு நழுவிரும். எங்க ஊர்ல ஒருத்தர் வண்டியில பஞ்சர் போடறதுக்கு தூக்குனப்ப நானே கண்ணால பாத்தேன், ஸ்ப்ரிங் கையில சுத்துது, ராட்டினம் மாதிரி. திரும்ப இறக்குறப்ப நுனி தப்பான இடத்துல உக்காந்து, வீட்டுக்கு போற வரைக்கும் ஸ்டியரிங் திருப்புனா ணங் ணங்னு சத்தம்.

ரீபவுண்ட்_ராஜா:
தம்பி, எத்தனை எம்எம் இறக்கறதுன்னு யோசிக்கறதுக்கு முன்னாடி உங்க ஷாக் உசுரோட இருக்கான்னு பாருங்க. நம்ம ரோட்ல 78,000 ஓடுன ஷாக்கு, வளைவுல தத்துதுன்னு நீங்க சொல்றது எல்லாம் சேத்துப் பாத்தா அது ஹைட் பிரச்சனை மாதிரி எனக்கு தெரியல. ஸ்ப்ரிங் அமுங்குனதுக்கு அப்புறம் அத அடக்க வேண்டியது ஷாக்கு, அது அடக்காததுனாலதான் தத்துது. அந்த ஷாக்கு மேல இன்னும் ஸ்டிஃப்பான ஸ்ப்ரிங்க போட்டீங்கன்னா இப்ப தத்தறது நாளைக்கு குதிக்கும், ஃப்ரெண்டு சொன்ன ஐடியாவுல இதுதான் ஓட்டை. ஸ்ப்ரிங் நல்ல சாமான்தான், அதுல குறையில்ல, ஆனா களைச்சுப்போன ஷாக்கோட போட்டா காசு வேஸ்ட்டு.

அடுத்தது, இறக்கிட்டா சாயாதுன்னு எல்லாரும் நினைக்கறோம் இல்லையா, முன்னாடி மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒரே தூணா நிக்கற அமைப்பு) இருக்கற வண்டியில அது பாதிதான் உண்மை. ஸ்டாக் ஹைட்ல லோயர் ஆர்ம் (வீல கீழ பாடியோட இணைக்கற கை) வீல் பக்கம் லேசா கீழ சரிஞ்சிருக்கும், இறக்க இறக்க நேராகி, இன்னும் இறக்குனா வீல் பக்கம் மேல தூக்கிக்கும். அப்ப ரோல் சென்டர்னு சொல்றாங்களே அந்தப் புள்ளி, பாடி இறங்கறதவிட வேகமா கீழ ஓடிரும். வண்டியோட கனம் ஒரு இடத்துல, சாயற புள்ளி ஒரு இடத்துல, நடுவுல இருக்கற தூரம்தான் நெம்புகோல், அது நீண்டுபோச்சுன்னா முன்னவிட அதிகமாத்தான் சாயப் பாக்கும். புது ஸ்ப்ரிங் ஸ்டிஃப்பா இருக்கறதால நமக்கு தெரியாது அவ்வளவுதான். அதனாலதான் 50, 60 எம்எம் இறக்குன வண்டி போட்டோவுல சூப்பரா இருந்தாலும் காட் ரோட்ல அதே ஆள் தடுமாறறான். என்னைக் கேட்டா உங்க வண்டிக்கு 25ல இருந்து 30, அதுக்கு மேல வேண்டாம்.

இதுல இன்னொரு வம்பு இருக்கு, இந்தியாவுக்கு வந்த போலோ ஐரோப்பா போலோவவிட ஒசரமா நிக்கற வண்டி. அங்க அளந்து 30 எம்எம்னு பெட்டியில போட்டிருக்கற ஸ்ப்ரிங்க இங்க போட்டா அதவிட கூடுதலாவே இறங்கும். பெட்டி நம்பர நம்பி வாங்கிட்டு அப்புறம் அடி தட்டுதுன்னு வந்து நிக்காதீங்க.

சாமான் பக்கம் வந்தா, பில்ஸ்டீன் ஷாக்குல பி6 ஸ்டாக் ஹைட்டுக்கு, பி8 இறக்குன வண்டிக்குன்னே உடம்ப குட்டையா பண்ணது. பி8-ஓட ஐபாக் ஸ்ப்ரிங்கையும் ஜோடியா ஒரே பெட்டியில வெச்சு விக்கறதுதான் பி12. ஷாக்கும் ஸ்ப்ரிங்கும் ஒண்ணுக்கொண்ணு பேசி வெச்சு வரும், உங்க உபயோகத்துக்கு என் ஓட்டு அதுக்குத்தான். கோனி மஞ்சள் ஷாக்கும் நல்லது, ரீபவுண்ட் (அமுங்குனது திரும்ப நீளறத அடக்கறது) மட்டும் திருகி கூட்டிக் குறைச்சுக்கலாம், ஷாக் தேய தேய ஒரு திருகு ஏத்திக்கலாம்ங்கறது அதுல ஒரு சௌகரியம். காயிலோவர்னா பி14, கேடபிள்யூ வேரியன்ட் 1 ரெண்டுலயும் ஹைட் மட்டும்தான் மாத்த முடியும், டேம்பிங் (ஷாக் அடக்கற பலம்) ஃபேக்டரி வெச்சதுதான். எனக்கு அதுதான் பிடிக்கும், கண்டபடி திருகி கெடுக்க முடியாது பாருங்க.

மாட்டறப்ப ரெண்டு விஷயத்துல கண்ணு வெச்சுக்கோங்க. ஆர்ம் மூட்டுல இருக்கற ரப்பர் புஷ் போல்ட்ட வண்டி தொங்கிட்டு இருக்கறப்ப டைட் பண்ண விடாதீங்க, வெயிட் வீல்ல இறங்கி வண்டி அதோட ஹைட்ல நிக்கறப்பதான் கடைசி டைட்டு, இல்லைன்னா ரப்பர் எப்பவும் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிரும். பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசா அமுங்கறப்ப இடிக்காம தாங்கற குஷன்), டாப் மவுண்ட் (ஸ்ட்ரட்ட மேல பாடியோட பிடிக்கறது) பழசையே திருப்பிப் போடாதீங்க. அலைன்மென்ட் அன்னைக்கே ஒரு தடவ, 500 கிமீ போல ஓடி ஸ்ப்ரிங் உக்காந்ததும் இன்னொரு தடவ. ஹெட்லைட்டையும் திரும்ப செட் பண்ணிக்கோங்க.

ஈசிஆர்_லோ:
காயிலோவர் போட்டவன் பேசறேன். டேம்பிங்க 30 கிளிக் வரைக்கும் திருகி மாத்தற செட்டு, மொத வாரம் தினமும் குனிஞ்சு திருகுனேன், அதுக்கப்புறம் மூணு வருஷத்துல ஒரு தடவகூட தொடல. கடல் காத்துல திரெட் பிடிச்சுக்கிச்சு, போன வருஷம் ஹைட் ஏத்தலாம்னு பாத்தா காலர் அசையவே இல்ல. ஏன் ஏத்தணும்னா, ஸ்பீட் பிரேக்கர்தான். ரூல்படி 10 செமீ ஒசரம், 3.7 மீட்டர் அகலம்னு இருக்கு, அந்த மாதிரி ஒண்ண போட்டுத் தந்தா இறக்குன வண்டியும் அலுங்காம தாண்டிரும். எங்க தெருவுல ஒசரம் அதவிட ஜாஸ்தி, அகலம் ஒரு அடி, கோயில் படிக்கட்டு மாதிரி. காலைல குறுக்குவாட்டுல வண்டிய ஓட்டி தாண்டறத பாத்து பால்காரர் சிரிக்கறாரு.

சட்டத்தையும் சொல்லிர்றேன், அப்புறம் யாரும் சொல்லலைன்னு சொல்லக் கூடாது. கம்பெனி குடுத்த ஸ்பெக்க மாத்தக் கூடாதுன்னு மோட்டார் வாகனச் சட்டம் 52ஆவது பிரிவு வெச்சு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு, அதே வருஷம் வந்த திருத்தத்துல ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபா ஃபைன், இல்ல ஆறு மாசம் வரை ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம்னு 182ஏ-ல இருக்கு. இன்சூரன்ஸ் க்ளைம் வர்றப்ப இத கிண்டி எடுப்பாங்க. எல்லாரும் செய்றாங்கதான், நானும் செஞ்சேன், தெரிஞ்சே செய்யுங்க.

சேலத்து_ஸ்ட்ரட்:
பால்காரர் 😂😂 ஆனா உண்மை. @போத்தனூர்_ஜிடி, ஷாக் ராடுல ஒரு கேபிள் டைய டைட்டா கட்டி, சீல் ஓரமா கீழ தள்ளி வெச்சு ஒரு நாள் ஓட்டிப் பாருங்க. டை மேல எங்க போய் நிக்குதோ அதுவரைக்கும் ஷாக் அமுங்கியிருக்கு. மிச்சம் எவ்வளவுன்னு தெரிஞ்சா எவ்வளவு இறக்கலாம்னு தானா தெரிஞ்சிரும்.

போத்தனூர்_ஜிடி:
அண்ணா எல்லாருக்கும் நன்றிங்க. நேத்து லீவு, முன்னாடி ரெண்டு வீலையும் கழட்டி உக்காந்துட்டேன். டை கட்டற வேலையே வரல. இடது பக்க ஷாக் உடம்பெல்லாம் எண்ணெய், மேல மண்ணு ஒட்டி களிம்பு மாதிரி இருக்கு. டஸ்ட் கவர தூக்குனா பம்ப் ஸ்டாப்பே இல்ல, விரல வெச்சதும் அச்சு வெல்லம் மாதிரி உதிர்ந்து விழுந்துச்சு. வலது பக்கம் அரைகுறையா இருக்கு. இத வெச்சுக்கிட்டு ஸ்ப்ரிங் மட்டும் மாத்தப் பாத்திருக்கேன் பாருங்க.

வீல் சென்டர்ல இருந்து ஆர்ச் வரைக்கும் நாலு மூலையும் டேப் வெச்சு அளந்து எழுதி வெச்சுட்டேன். எங்க வீட்டு கேட் சரிவுல முன் பம்பருக்கு கீழ 45 எம்எம் தான் மிச்சம், அப்பா அம்மா பின்னாடி உக்காந்தப்ப கேட்ட தாண்டறப்ப நடுவுல அதவிட கம்மி. அதனால 25க்கு மேல பேச்சே இல்ல. பி12 கேட்டு வெச்சிருக்கேன், பட்ஜெட்ட தாண்டுச்சுன்னா ஷாக் மட்டும் இப்ப, ஸ்ப்ரிங் தீபாவளிக்கு அப்புறம். நாலு விரல் கேப் அதுவரைக்கும் இருந்துட்டு போகட்டும்.

ஒரே ஒரு டவுட்டு, இந்த வண்டியில ஸ்ட்ரட், வீல தாங்கற நக்கிள் உள்ள சொருகியிருக்கு, கவ்வுற போல்ட்ட கழட்டிட்டு வாய விரிக்க ஒரு ஸ்ப்ரெடர் சாக்கெட் வேணும்ங்கறாங்க. நம்ம மெக்கானிக் உளிய வெச்சு அடிச்சு விரிச்சிரலாம்ங்கறாரு, எனக்கு பகீர்னு இருக்கு. கோயமுத்தூர்ல யார்கிட்டயாவது அந்த டூல் இருக்குங்களா? ஒரு நாள் வாடகைக்கு வேணும், டீ, பன் பட்டர் ஜாம் என் செலவு.