சிங்கப்பூர் சைனாடவுன்: சீனப் புத்தாண்டு நேரத்தில் அப்பா அம்மாவோடு போக வழி சொல்லுங்க

கோவைக்காரன்:

வணக்கம். 2027 பிப்ரவரி 4 வியாழன் இரவு சிங்கப்பூர் வந்து சேர்கிறோம். 9ஆம் தேதி காலை திரும்புகிறோம். அப்பாவுக்கு எழுபது வயசு, மூட்டு வலி இருக்கு. மாடிப்படி, மேடு ரெண்டும் கஷ்டம். அம்மா சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

இப்போதைய திட்டம்: 5 செந்தோசாத் தீவு, 6 முழுநாள் சைனாடவுன், 7 தேக்கா (லிட்டில் இந்தியா). புத்தாண்டு அன்றைக்கே போனால் சைனாடவுன் களைகட்டி இருக்கும் என்று நினைத்து 6ஆம் தேதியை வைத்திருக்கேன். சரியா?

அங்கே சீனக் கலாசார மையம் என்று ஒன்று இருக்காமே, அது எந்தத் தெருவில்? எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்கலாம், அம்மாவுக்கு என்ன சாப்பிடக் கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்க.

தேக்கா_வாசி:

முதல் வேலையாக 5, 6 ரெண்டையும் இடம் மாற்றுங்க. 2027ல் சீனப் புத்தாண்டு பிப்ரவரி 6, சனிக்கிழமை. அன்றைக்குச் சீனர்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். சைனாடவுனில் முக்கால்வாசிக் கடை இழுத்து மூடியிருக்கும். புத்தாண்டுச் சந்தையும் முந்தைய நாள் நள்ளிரவோடு முடிந்துவிடும். ரெண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை என்பதால் திங்களும் பொது விடுமுறை. உணவங்காடிக் கடைகள் சிலது ஒரு வாரம், பத்து நாள்கூடத் திறக்காது. நீங்க தேடுகிற களை முழுக்க 5ஆம் தேதி வெள்ளிக்கிழமைதான். செந்தோசாவை 6க்குத் தள்ளினால் ஒன்றும் கெட்டுப்போகாது.

கலாசார மையம் பற்றி: நிறையப் பேர் ரெண்டைக் குழப்பிக்கொள்கிறார்கள். சிங்கப்பூர்ச் சீனக் கலாசார மையம் சைனாடவுனுக்குள் இல்லை. 2017ல் திறந்த பெரிய கட்டடம், ஷென்டன் வே எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையத்துப் பக்கம், மேக்ஸ்வெல் நிலையத்துக்கு அடுத்த நிறுத்தம். கண்காட்சி, அரங்க நிகழ்ச்சிகள் அங்கே. சைனாடவுனுக்குள் இருப்பது பகோடா ஸ்திரீட் 48ஆம் எண்ணில் உள்ள சைனாடவுன் மரபுடைமை நிலையம். மூணு பழைய கடைவீடுகளைச் சேர்த்து, ஒரு காலத்தில் குடும்பம் குடும்பமாக ஒண்டியிருந்த தடுப்பு அறைகளை அப்படியே அமைத்திருக்கிறார்கள். ஒரு கட்டில் அகலத்துக்கு ஓர் அறை, எல்லாருக்கும் பொதுவாக ஓர் அடுப்படி. அனுமதிக் கட்டணம் உண்டு. உள்ளே குறுகலான படிகள், அப்பாவுக்குச் சரிவருமா என்று வாசலில் கேட்டுவிட்டு நுழையுங்க. புத்தாண்டை ஒட்டி ரெண்டு இடமும் நேரத்தை மாற்றும், முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்க.

வழி: சைனாடவுன் எம்ஆர்டியில் இறங்கி ஏ வாசல் வழியாக ஏறினால் நேராகப் பகோடா ஸ்திரீட். காலை ஒன்பது மணிக்கு அங்கே இருங்க. தெருவின் மறுகோடியில் சவுத் பிரிட்ஜ் ரோடு, முனையிலேயே ஸ்ரீ மாரியம்மன் கோயில். 1827ல் நாராயண பிள்ளை தொடங்கிய கோயில், சிங்கப்பூரில் இந்துக்களுக்கு மிகப் பழைய கோயில் இதுதான். பகல் 12க்கு நடை சாத்தினால் மாலை 6க்குத்தான் திறப்பார்கள். பலர் மதியம் போய்ப் பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வருவது இதனால்தான், அதனால் காலையில் முதலில் இதை முடித்துவிடுங்க. பக்கத்திலேயே ஜாமிஆ சூலியா பள்ளிவாசல், சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள் எழுப்பியது. சீனர் பேட்டையின் நடுவில் இந்த ரெண்டும் சுமார் இருநூறு வருஷமாக நிற்கின்றன.

கோயிலிலிருந்து டெம்பிள் ஸ்திரீட், திரெங்கானு ஸ்திரீட் வழியாக ஸ்மித் ஸ்திரீட்டுக்கு வந்தால் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ். அடித்தளத்தில் ஈரச்சந்தை, தரைத்தளத்தில் துணிமணி, சாமான், ரெண்டாவது தளத்தில் இருநூற்றுக்கும் மேற்பட்ட சாப்பாட்டுக் கடைகள். சாப்பாடு முடிந்து வெளியே வந்தால் எதிரிலேயே புத்தர் பல் திருக்கோயில். 2007ல் கட்டினது, ஆனால் தாங் வம்சக் காலப் பாணி. நாலாவது மாடியில் 320 கிலோ தங்கத் தூபி. மின்தூக்கி இருப்பதால் அப்பாவுக்குக் கவலை இல்லை. கட்டணம் கிடையாது. கையில்லாத சட்டை, அரைக்கால் சட்டை கூடாது. மாலை 5க்கு மூடுவார்கள். மொட்டைமாடியில் ஆர்க்கிட் தோட்டமும் பெரிய பிரார்த்தனைச் சக்கரமும் உண்டு, கீழே தவிக்கிற கூட்டம் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. வாசலில் வந்தால் சாலைக்கு அந்தப் பக்கம் மேக்ஸ்வெல் உணவங்காடி, பக்கத்திலேயே மேக்ஸ்வெல் எம்ஆர்டி. மாலையில் சைனாடவுன் நிலையத்து ஏ வாசலில் அடைசலாக இருக்கும். திரும்பும்போது மேக்ஸ்வெல் வழியாகப் போங்க.

மொத்த நடையும் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டாது. சீனக் கோயில் எதுவானாலும் வாசல்கட்டையை மிதிக்காமல் தாண்டிப் போங்க. கோயிலைப் பார்த்து நிற்கும்போது வலப்பக்கக் கதவில் நுழைந்து இடப்பக்கத்தில் வெளியேறுவது அவர்கள் முறை.

அப்பாவுக்குக் கால் தாங்கினால் தெலுக் ஆயர் ஸ்திரீட்டையும் சேர்க்கலாம். 1842ல் கட்டி முடித்த தியான் ஹொக் கெங், கடல்தேவி மாசூவின் கோயில். அதே தெருவில் அல் அப்ரார் பள்ளிவாசல் (நம்மவர் வாயில் குச்சுப் பள்ளி), நாகூர் தர்கா. ஆன் சியாங் குன்றைத் தாண்டி நடக்கிற வழியைக் காட்டுவார்கள், மேடும் படியுமாக இருக்கும். டாக்சி பிடித்துவிடுங்க.

கோப்பிஓ_கோசோங்:

சாப்பாட்டு விஷயம் நான் சொல்றேன். பார்த்தால் சைவம் மாதிரி இருக்கும், ஆனால் இருக்காது. அங்கே சிக்கலே அதுதான்.

கேரட் கேக் என்று எழுதியிருப்பதில் கேரட் கிடையாது. வெள்ளை முள்ளங்கி, அரிசிமாவு அவித்த கட்டியை முட்டையோடு வறுப்பார்கள், மீன் சாறும் சில கடையில் பன்றிக்கொழுப்பும் சேரும். பொப்பியா சுருளுக்குள் வேகவைத்த கிழங்குத் துருவலோடு காய்ந்த இறால். கீரை வறுவலில் பூண்டுகூடப் பரவாயில்லை, சிப்பிச் சாறு ஊற்றுவார்கள். சம்பாலில் பிளாச்சான், அதாவது இறால் விழுது. காயா ரொட்டியில் தடவுகிற காயா, முட்டையும் தேங்காய்ப் பாலும் சேர்த்துக் கிளறினது. "இறைச்சி வேண்டாம்" என்று சொன்னால் மேலே போடுகிற துண்டை மட்டும் எடுத்துவிட்டு அதே சாற்றை ஊற்றிக் கொடுப்பார்கள். ஏமாற்று வேலை இல்லை, அவர்கள் கணக்கில் அதுதான் இறைச்சி இல்லாதது.

அதனால் "வெஜிடேரியன்" என்று பலகை போட்ட பௌத்த சைவக் கடை மட்டும்தான் அம்மாவுக்கு. வயசான கடைக்காரர்களிடம் "சூ" என்றாலும் புரியும். இந்தக் கடைகளில் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். ஆனால் முட்டை, பால் சேர்கிற பண்டங்கள் உண்டு. கோழி, வாத்து மாதிரியே செய்த சோயாத் துண்டுகளில் சிலதில் முட்டை வெள்ளைக்கரு இருக்கும். "நோ எக்" என்று தனியாகக் கேளுங்க. பாதுகாப்பாகப் போகணும் என்றால் சைவ பீஹூன்: அரிசிச் சேமியா, முட்டைகோஸ், பொரித்த தோஃபுத் தோல். துண்டு எதுவும் வைக்காமல் கேட்கலாம். "எக்கனாமிக் பீஹூன்" என்று மட்டும் பலகை இருந்தால் அது சைவக் கடை இல்லை.

சீன மாதத்தின் 1ஆம், 15ஆம் நாள் நிறையப் பேர் சைவம் இருப்பார்கள், சைவக் கடையில் வரிசை வாசல்வரை நிற்கும். புத்தாண்டு என்பது முதல் மாதத்தின் 1ஆம் நாள். 6ஆம் தேதி கடைகள் குறைவு, வரிசை நீளம். அன்றைக்குச் சாப்பாட்டைத் தேக்காவில் முடிப்பது உத்தமம்.

இனிப்பில் அம்மாவுக்குத் தயங்காமல் வாங்கித் தரலாம்: சூடான தாவ் ஹுவே (சோயாப் பாலை உறையவைத்து மேலே சர்க்கரைப் பாகு), செங் தெங் (பழம், பருப்பு போட்ட இனிப்புச் சாறு), ஐஸ் கச்சாங் (துருவின ஐஸில் பாகு ஊற்றினது). கருப்பு ஜெல்லியில் மட்டும் கண் வையுங்க. சின்சௌ என்பது மூலிகை இலையில் செய்தது, சைவம். குய்லிங்காவ் ஆமை ஓட்டில் செய்தது. கிண்ணத்தில் ரெண்டும் ஒரே கருப்பு, ஒரே பளபளப்பு. குய்லிங்காவ் கொஞ்சம் கசக்கும். தெரிய வரும்போது ஒரு கரண்டி உள்ளே போயிருக்கும், அதனால் பெயரைக் கேட்டுவிட்டே வாங்குங்க.

5ஆம் தேதி மதியச் சாப்பாட்டை 12க்குள் முடித்துவிடுங்க. இரவு குடும்ப விருந்துக்காகக் கடைக்காரர்கள் மதியமே கட்டிவிட்டுப் போவார்கள். சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் மேல்தளம் சந்துபொந்தாக இருக்கும், தூண்களில் பச்சை, சிவப்பு, நீலம், மஞ்சள் என்று பகுதி பிரித்திருக்கிறார்கள். அப்பாவை உட்காரவைத்த நிறத்தை நினைவில் வைத்துக்கொண்டு தட்டு வாங்கப் போங்க. மேசைமேல் டிஷ்யூ பொட்டலம் கிடந்தால் ஆள் பிடித்த இடம், உட்காராதீங்க. நீங்களும் அப்படியே பிடிக்கலாம். சாப்பிட்டதும் தட்டைத் திருப்பி வைக்கணும். 2021 செப்டம்பரிலிருந்து கட்டாயம்: முதல் தடவை எச்சரிக்கைக் கடிதம், அடுத்த தடவை 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) அபராதம். சில்லறைக்கு 2, 5, 10 வெள்ளித் தாள்கள் வேணும், பாதிக் கடைகளில் கடன் அட்டை ஓடாது. மிச்சக் கோப்பியைப் பையில் வாங்கிக்கொண்டு எம்ஆர்டியில் குடித்தால் அதற்கும் அபராதம்.

பழைய பதிவுகளில் ஸ்மித் ஸ்திரீட் உணவு வீதி என்று படித்துவிட்டு அதைத் தேடாதீங்க. 2021லேயே மூடிவிட்டார்கள்.

கோவைக்காரன்:

ரொம்ப நன்றி. 5, 6 மாற்றிவிட்டேன். ரெண்டு சந்தேகம். 5 நள்ளிரவில் புத்தாண்டை வரவேற்கிற கவுன்டவுன் நிகழ்ச்சிக்கு அப்பா அம்மாவை அழைத்து வரலாமா? ஊருக்கு என்ன வாங்கலாம்?

மூட்டை_முடிச்சு:

வாங்குகிற கதையை நான் சொல்கிறேன். பகோடா ஸ்திரீட்டில் வரிசையாக இருக்கிற காந்த வில்லை, சாவிக்கொத்து, பட்டு விசிறி எல்லாம் எல்லாக் கடையிலும் ஒரே சரக்குதான். முதல் கடையில் வாங்காமல் தெருக்கோடிவரை விலை கேட்டுக்கொண்டே போங்க. மூணு நாலு சேர்த்து வாங்கினால்தான் குறைப்பார்கள், ஒற்றைச் சாமானுக்குப் பேரம் படியாது.

பட்டு, பீங்கான், தேயிலை என்று நல்ல சரக்கு வேணும் என்றால் யூ தொங் சென் ஸ்திரீட்டில் யூ ஹுவா. ஒரு காலத்தில் கிரேட் சதர்ன் ஹோட்டலாக இருந்த கட்டடம், இப்போது சீனப் பொருட்களுக்கான பல்பொருள் அங்காடி. ஒரே கடையில் 100 வெள்ளிக்கு மேல் வாங்கினால் 9 விழுக்காடு பொருள் சேவை வரியை விமான நிலையத்தில் திரும்பப் பெறலாம். அதே நாள் ரசீதுகள் மூணுவரை சேர்த்துக்கொள்ளலாம். கடவுச்சீட்டைக் கொண்டுபோங்க. பெட்டியில் வைக்கிற சாமான் என்றால் பெட்டியை ஒப்படைப்பதற்கு முன்பே இயந்திரத்தில் பதியணும், அப்புறம் அதிகாரி சாமானைக் காட்டச் சொன்னால் கையில் இருக்காது. தெருவோரக் கடைகளுக்கு இது பொருந்தாது.

தேயிலைக்கு மாஸ்க் ஸ்திரீட்டில் 1925லிருந்து இருக்கிற பெக் சின் சூன். காகிதத்தில் மடித்த சின்னப் பொட்டலங்களாக ஊலோங் கிடைக்கும், எடையும் இல்லை. அதை நம் வழக்கப்படி பாலில் கொதிக்க விட்டால் கசப்புதான் மிஞ்சும். நூறு மில்லி பானைக்கு 5 முதல் 7 கிராம் போட்டு, கொதிநீர் ஊற்றி, முதல் தண்ணீரைச் சில நொடியில் கொட்டிவிடணும். அடுத்த ஊற்றலை 20, 30 நொடியில் வடித்துக் குடிக்கலாம். அதே இலை இன்னும் நாலைந்து முறை தாங்கும், ஒவ்வொரு முறையும் பத்து நொடி கூட்டிக்கொண்டே போங்க.

அம்மாவுக்குப் பிடித்த மாதிரி ஒன்று: நியன் காவ். பசையரிசி மாவும் சர்க்கரையும் அவித்த கட்டி, முட்டை இல்லை. புதுசாக இருக்கும்போது வெட்டினால் கத்தியோடு ஒட்டிக்கொண்டு வரும். நாலைந்து நாள் குளிர்ப்பெட்டியில் இறுகவிட்டு, அரை சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, ரெண்டு சேப்பங்கிழங்குத் துண்டுக்கு நடுவில் வைத்து பஜ்ஜி மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கணும். புகைகிற எண்ணெயில் போட்டால் மேலே கருகி, சர்க்கரை வெளியே வழிந்து சட்டியில் அடிபிடிக்கும். அன்னாசி டார்ட் அழகாக இருக்கும், ஆனால் மேலே மஞ்சள் கரு பூசினது. லவ் லெட்டர் என்கிற மொறுமொறுப்பான சுருளிலும் முட்டை.

பக்வா கடை வாசலில் மணிக்கணக்கில் வரிசை நிற்பதைப் பார்த்து நீங்களும் நிற்காதீங்க. அது பன்றி இறைச்சி வறுவல், ஊருக்குக் கொண்டுபோனால் சுங்கத்தில் பறிகொடுக்க வேண்டியதுதான்.

அந்தி சாய்ந்த பிறகு சந்தையில் விலை இறங்கும். பத்து மணிக்கு மேல் மிச்சத் தின்பண்டம், பூ, அலங்காரச் சாமானை எல்லாம் லேலோங் (மலிவு விற்பனை) என்று கூவித் தள்ளுவார்கள். சல்லிசாக வாங்க அதுதான் நேரம்.

தேக்கா_வாசி:

பத்து மணி லேலோங் எல்லாம் தனியாகப் போகிறவர்களுக்கு. மூட்டுவலிக்காரரை அந்த நெரிசலில் நிறுத்தாதீங்க. கவுன்டவுனுக்கு யூ தொங் சென் ஸ்திரீட், நியூ பிரிட்ஜ் ரோடு பக்கம் போக்குவரத்தை அடைத்துவிடுவார்கள். உள்ளே டாக்சி வராது, உட்கார இடம் கிடையாது. 1972லிருந்து சிங்கப்பூரில் பட்டாசுக்குத் தடை, அனுமதி வாங்கி வெடிக்கிற சில இடங்களில் இது ஒன்று. அதனாலேயே நள்ளிரவில் அத்தனை கூட்டம்.

அப்பா அம்மாவுக்குக் காலைச் சுற்று முடிந்ததும் விடுதியில் ஓய்வு கொடுத்துவிட்டு மாலை 7 மணிக்கு மேக்ஸ்வெல் வழியாக வாங்க. சவுத் பிரிட்ஜ் ரோட்டில் தொங்கவிடுகிற விளக்குகளையும் நடை திறந்த மாரியம்மன் கோயிலையும் ஒன்றாகப் பார்க்கலாம். எட்டரைக்குள் கிளம்பிவிடுங்க. கவுன்டவுன் பார்க்கணும் என்றால் நீங்க மட்டும் திரும்பி வாங்க. கடைசி ரயில் நேரத்தை அன்று காலையே பார்த்துக்கொள்ளுங்க, விசேஷ நாளில் நீட்டிப்பது உண்டு.

யாராவது சீன வீட்டுக்குக் கூப்பிட்டால் ரெண்டு மாண்டரின் ஆரஞ்சு, ரெண்டு கையாலும் கொடுங்க. ஒற்றைப்படையில் கொடுக்கக் கூடாது. திரும்பவும் ரெண்டு பழம் தருவார்கள், மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்க.

இன்னொரு தடவை வர வாய்ப்பு இருந்தால் தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னால் வாங்க. மாரியம்மன் கோயில் தீமிதி அப்போதுதான். பக்தர்கள் சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து நடந்தே சைனாடவுனுக்கு வருவார்கள்.